கூட்ட மண்டபத்தில் கொடிக்கயிறு

துஷாந்தினிக்கு ஒரு ஜனாதிபதி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ ஜனாதிபதியின் மனைவி.

எல்லாம் பேர்ணடெற் ரீச்சரின் பிஸ்கட் தகரத்தால் வந்த வினை. ஆறாம் தர மாணவிகளுக்கு 'உலகை மாற்றியவர்கள்' என்று ஒரு நிகழ்ச்சி. பெயர்கள் எழுதிய துண்டுகளைத் தகரத்துக்குள் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார் ரீச்சர். யாருடைய பெயர் வருகிறதோ அவராகவே மேடையேறி இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

துஷாவின் தோழி ஷஸ்னாவுக்கு நெப்போலியன் வந்தார். அந்த நிமிடத்திலிருந்து ஷஸ்னா வலது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டுதான் நடந்தாள். கணிதத்தை இடது கையால் எழுதினாள். ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி விழுந்தன. அவளுக்குக் கவலையில்லை. அவள் ஒரு சக்கரவர்த்தி.

துஷாவின் துண்டில் 'அபிகேல் அடம்ஸ்' என்று இருந்தது.

"ஆர் ரீச்சர் இவ?"

"அமெரிக்காவின்ர ரெண்டாவது ஜனாதிபதியின்ர மனைவி."

ரெண்டாவது. முதலாவது என்றாலும் பரவாயில்லை என்று துஷாவுக்குப் பட்டது. "அவ என்ன செய்தவ, ரீச்சர்?"

"அதை நீர்தான் தேடிப் பாக்கவேணும்," என்று ரீச்சர் தகரத்தை மூடினார். துண்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தவள், ரீச்சரின் முகத்தைப் பார்த்து வாயையும் மூடிக்கொண்டாள்.

ஜனாதிபதி குடும்பம் என்பது துஷாவுக்குப் புதிதல்ல. அவளுடைய அப்பா ஜெயகுமாரும் ஒரு தலைவர்தான். வெள்ளவத்தையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் 'சீ பிறீஸ் கோர்ட்' என்ற மாடிக் குடியிருப்பின் நிர்வாக சபைத் தலைவர். மொத்தம் எட்டு வீடுகள். எட்டு வீட்டுக்குமாக நாற்பத்தொரு விதிகள். இரண்டாம் மாடியில் குடியிருந்த தலைவரும், நான்காம் மாடியில் குடியிருந்த செயலாளர் ராசிக்கும் ஒரு நோன்பு மாதம் முழுவதும் கூடியிருந்து எழுதிய விதிகள் அவை. ராசிக் அங்கிள் ஷஸ்னாவின் வாப்பா. அந்த நாளில் இருவரும் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இப்போது 'தலைவர் அவர்கள்', 'செயலாளர் அவர்கள்'. அதுவும் நேரே அல்ல, அறிவித்தல் பலகையில்.

காரணம் ஒரு போர்வை.

சீ பிறீஸ் கோர்ட்டில் கடல் தெரியாது. முன்னால் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிய நாளில் கடல் போய்விட்டது. மொட்டைமாடிக்கு ஏறினால் மட்டும் இடது மூலையில் ஒரு முழம் கடல் தெரியும். காற்று தாராளமாக வரும். பாதி இடத்துக்குத் தகரக் கூரை. அந்தக் காற்றில் போர்வைகூட ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். துஷாவும் ஷஸ்னாவும் பட்மின்ரன் விளையாடுவதும், சண்டை பிடிப்பதும், சமாதானமாவதும் அங்கேதான்.

ஒருநாள் ஷஸ்னாவின் உம்மா லுத்பியா, பெரிய ரோசாப்பூப் போட்ட போர்வையைக் காயப்போட்டார். துஷாவின் அம்மா சுதர்சினி மோர்மிளகாய்த் தட்டை வெயிலில் வைத்தார். காற்று திசை மாறியது. போர்வை மிளகாயின் மேல் சொட்டியது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நாளே லுத்பியா அன்ரி ஒரு கிண்ணம் வட்டிலப்பம் கொடுத்துவிட்டார். அம்மா அந்தக் கிண்ணத்தில் பயத்தம் பணியாரம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் மிளகாய் தகரக் கூரைக்குக் கீழே, போர்வை அடுத்த பக்கம் என்று படிக்கட்டில் நின்றே இருவரும் பேசி முடித்தார்கள். பெண்களின் சண்டை ஒரு கிண்ணத்தோடு முடிந்துபோயிற்று.

ஆண்களுக்கு அது தெரியாது. அவர்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள்.

மொட்டைமாடியில் போர்வைக்குத் தடை என்று அப்பா அறிவித்தல் போட்டார். கூட்டம் கூட்டாமல் தடை போடுவது விதிக்கு முரண் என்று ராசிக் அங்கிள் கீழே எழுதினார். விதியை மதிக்கும்வரை மாடி மூடப்படும் என்று அப்பா கதவில் ஒரு பூட்டுப் போட்டார். அந்தப் பூட்டை எடுக்கும்வரை தன் பூட்டும் இருக்கும் என்று ராசிக் அங்கிள் அதைவிடப் பெரிய பூட்டு ஒன்றைப் போட்டார். ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு. 'அவர் முதலில் திறக்கட்டும்' என்று இரண்டு தரப்பும் சொன்னது. இந்த ஒரு விடயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இரண்டு கிழமையாயிற்று. பதினேழாம் விதிப்படி பல்கனியில் உடுப்புக் காயப்போட முடியாது. அதனால் எட்டு வீடுகளிலும் உடுப்புகள் கதிரையில், கதவில், சைக்கிளில், சுவாமி அறை வாசலில் என்று கிடந்தன. துஷா வீட்டு மின்விசிறியில் அப்பாவின் காலுறைகள் சுற்றின. அவளுடைய வெள்ளைச் சீருடையில் ஊறவைத்த அரிசியின் மணம் வந்தது.

"அம்மா, நீங்கள் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லலாம்தானே?"

அம்மா ஈரத் துவாயைக் கதவில் விரித்தபடி சொன்னார். "கூட்டத்துக்கு என்ர தேத்தண்ணி போகும். நான் போறேல்ல."

அது உண்மை. வீட்டுக்கு ஒருவர்தான் கூட்டத்துக்குப் போகலாம் என்று விதி. அந்த ஒருவர் ஆண் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனாலும் எட்டு வீட்டிலிருந்தும் எட்டு ஆண்கள் இறங்குவார்கள். சரியாகப் பத்தரை மணிக்கு அம்மாவின் தேத்தண்ணியும் லுத்பியா அன்ரி பொரித்த றோல்ஸும் பின்னால் இறங்கும்.

வியாழக்கிழமை பின்னேரம் அறிவித்தல் பலகையில் புதிய தாள் ஒன்று இருந்தது. இந்த முறை கீழே இரண்டு கையெழுத்து. ஜெயகுமார், ராசிக். துஷா சந்தோஷத்தில் ஒரு துள்ளுத் துள்ளினாள். சமாதானமாகிவிட்டார்கள்.

ஷஸ்னா வாசித்தாள். சண்டைக்குக் காரணமான மொட்டைமாடியை நிரந்தரமாக மூடிவிடும் தீர்மானம், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்ட மண்டபத்தில்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒன்று சேர்ந்தவர்கள், ஒன்று சேர்ந்து செய்த முதல் வேலை அது.

"மூடினா நாம எங்க வெளாடுற?" என்று ஷஸ்னா கேட்டாள். சக்கரவர்த்தியின் கை சட்டையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதிலிருந்தே நிலைமை மோசம் என்று துஷாவுக்கு விளங்கியது.

அன்று பின்னேரம் அம்மாவின் போனில் அபிகேல் அடம்ஸைத் தேடினாள் துஷா. மனம் மாடியில் இருந்தாலும் திங்கட்கிழமை பள்ளிக்கூட நிகழ்ச்சி வரத்தானே போகிறது.

அபிகேலின் கணவர் வருடக்கணக்காக வெளியூரில் நாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். அபிகேல் பண்ணையையும் பிள்ளைகளையும் தனியே பார்த்துக்கொண்டு கணவருக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கணக்கில் எழுதினார். புதிய சட்டங்கள் செய்யும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்று ஒரு கடிதத்தில் கேட்டுக்கொண்டார்.

துஷா போனைக் கீழே வைத்தாள். ஒரு தாளை எடுத்தாள்.

'மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு. தீர்மானம் போடும்போது மாடியில் உடுப்புக் காயப்போடுபவர்களையும் விளையாடுபவர்களையும் மறந்துவிட வேண்டாம். இப்படிக்கு, இரண்டாம் மாடி, ஜெ. துஷாந்தினி.'

வெள்ளி காலை அதை அப்பாவின் இடியப்பத் தட்டுக்குக் கீழே வைத்தாள். அப்பா வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார். பிறகு சம்பல் புரையேறும்வரை சிரித்தார்.

"கையெழுத்து நல்ல வடிவு," என்று அவள் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார்.

துஷாவுக்கு அழுகை வந்தது. போனை எடுத்து மிச்சத்தை வாசித்தாள். அபிகேலின் கணவரும் பதில் போட்டிருந்தார். படித்ததும் தனக்குச் சிரிப்பு வந்ததாக எழுதியிருந்தார்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னும் அதே சிரிப்பு. அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அபிகேல் அடம்ஸ் பக்கத்து வீட்டுக்காரி போலத் தெரிந்தார். அதற்குப் பிறகு இவ என்ன செய்தவ என்று திரையை மேலே தள்ளினாள்.

கணவர் ஜனாதிபதியான பிறகு, இருவரும் புதிதாகக் கட்டிய மாளிகைக்குக் குடிபோனார்கள். மாளிகை பாதிதான் முடிந்திருந்தது. உடுப்புக் காயப்போட வெளியே ஒழுங்கான இடமில்லை. உள்ளே, பெரிய மனிதர்களை வரவேற்பதற்கென்று கட்டிய மிகப் பெரிய மண்டபம் ஒன்று சும்மா கிடந்தது. அபிகேல் அந்த மண்டபத்தில் உடுப்பைக் காயப்போட்டார்.

துஷா அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். பிறகு நான்காம் மாடிக்கு, ஷஸ்னாவிடம் ஓடினாள்.

முதலில் இருவரும் நாற்பத்தொரு விதிகளையும் படித்தார்கள். கூட்ட மண்டபச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அந்த விதிகளை, எழுதியவர்களைத் தவிர யாரும் முழுதாகப் படித்ததில்லை. நெப்போலியனுக்கு ஒன்பதாம் விதியிலேயே கொட்டாவி வந்தது. துஷா விடவில்லை. ஒரு கொப்பியில் இரண்டு இலக்கங்களைக் குறித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இருவரும் ஆளுக்கொரு வாளியோடு இறங்கினார்கள். கூட்ட மண்டபம் என்பது கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதியைச் சுவர் வைத்து அடைத்தது. காவல்காரர் காளியப்பன் அண்ணன் கதிரைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர்.

பிள்ளைகள் யன்னல் கம்பியிலிருந்து எதிர் யன்னல் கம்பிக்குக் கயிறு இழுப்பதை அவர் சிறிது நேரம் பார்த்தார்.

"நாற்காலி போடச் சொன்னாங்க பாப்பா. துணி போடக்கூடாதுன்னு யாரும் சொல்லல," என்றார். பிறகு ஏணி கொண்டுவந்து, தொய்ந்து கிடந்த கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொடுத்தார்.

இரண்டு சீருடை, நாலு துவாய், ஒரு தலையணை உறை. அப்போது வாசலில் அம்மா நின்றார்.

"இதென்ன பிள்ளை?"

துஷா சுவரைக் காட்டினாள். "பதினேழாம் விதி அம்மா. அதோட மூண்டாம் விதி."

அம்மா கிட்டப் போய் இரண்டையும் வாசித்தார்.  திரும்பிப் படியேறிப் போனார். துஷா வாளியைப் பிடித்தபடி நின்றாள். முடிந்தது கதை, இனி அப்பா வருவார் என்று நினைத்தாள்.

அம்மாதான் திரும்பி வந்தார். கையில் பெரிய வாளி. அதில் அப்பாவின் மூன்று சாரமும் ஆறு பெனியனும்.

"கிளிப் காணுமோ?" என்று கேட்டார்.

அரை மணித்தியாலத்தில் லுத்பியா அன்ரி திரும்பவும் அலசிய ரோசாப்பூப் போர்வையோடு இறங்கினார். "இது காயாம ரெண்டு கிழமையா ஊட்டுல ஈக்கி," என்று நடுக்கயிற்றில் விரித்துவிட்டார். அவர் பின்னால் மற்ற வீடுகளும் வந்தன. காளியப்பன் அண்ணன் இன்னும் மூன்று கயிறு கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தன்னுடைய காக்கிச் சட்டையையும் ஓரத்தில் ஒரு கிளிப்பில் மாட்டினார்.

பத்து மணிக்கு எட்டு உறுப்பினர்களும் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. அவரவர் பெனியனை மட்டும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அப்பாவின் பெனியன் தலைவர் கதிரைக்கு நேர் முன்னால் தொங்கியது. அதில் நான்கு ஓட்டை. மேசையின் ஒரு முனையில் தலைவர், மறு முனையில் செயலாளர், நடுவில் ரோசாப்பூப் போர்வை.

"கூட்டத்தை ஆரம்பிப்பம்," என்றார் அப்பா. போர்வை அவருடைய கோப்பின் மேல் சொட்டியது. அவர் கோப்பைத் தள்ளினார். அது தலையில் சொட்டியது.

"ஆர் செய்த வேலை இது?"

ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னாலிருந்து துஷா வெளியே வந்தாள். கொப்பியை விரித்தாள். 

"தலைவர் அவர்களே, பதினேழாம் விதிப்படி உடுப்பைப் பொது இடத்தில மட்டும்தான் காயப்போடலாம். மூண்டாம் விதிப்படி பொது இடம் ரெண்டு. ஒண்டு மொட்டைமாடி. அது பூட்டிக்கிடக்கு. மற்றது கூட்ட மண்டபம்."

அப்பா சிரிக்கவில்லை.

போர்வைக்கு அந்தப் பக்கம் கதிரை நகரும் சத்தம். ராசிக் அங்கிள் எழும்பிச் சுவருக்குப் போய், கண்ணாடியைத் துடைத்து, விதியை வாசித்தார். அவருடைய குரல் கவலையோடும் கொஞ்சம் பெருமையோடும் வந்தது. "சட்டப்படி சரி. மூண்டாவது நான் எழுதினது."

"பதினேழு நான் எழுதினது," என்றார் அப்பா, விட்டுக்கொடுக்காமல்.

அப்போது மணி பத்தரை. அம்மா தேத்தண்ணித் தட்டோடு வாசலுக்கு வந்தார். பின்னால் லுத்பியா அன்ரி. றோல்ஸின் மணம் ஈரத் துணிகளைத் தாண்டி உள்ளே வந்தது. எட்டுத் தலைகள் எட்டு உடுப்புகளுக்கு இடையே எட்டிப்பார்த்தன.

அம்மா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "இந்த ஈரத்துக்குள்ள எப்பிடிக் குடிக்கிறது? மாடியைத் திறந்தா எல்லாரும் மேல, காத்தோட குடிக்கலாம்," என்றார். ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. தட்டோடு திரும்பிப் படியேறத் தொடங்கினார். றோல்ஸும் பின்னால் போயிற்று.

அதற்குப் பிறகு தீர்மானத்தை ஒருவரும் வாசிக்கவில்லை. ஆறு உறுப்பினர்கள் உடுப்புகளைக் கழற்றி வாளிகளில் போட்டுத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். தலைவரும் செயலாளரும் பின்னால் போனார்கள்.

மாடிக் கதவின் முன்னால் எல்லாரும் நின்றார்கள். இரண்டு பூட்டு. இரண்டு சாவி. இரண்டு பேரும் சாவியைப் பையிலிருந்து எடுத்தார்கள். இரண்டு பேரும் அசையவில்லை.

"செயலாளர் அவர்கள் முதலில் திறக்கலாம்," என்றார் அப்பா கூரையைப் பார்த்து.

"முதல்ல பூட்டினவங்க முதல்ல திறக்கலாம்," என்றார் ராசிக் அங்கிள் தரையைப் பார்த்து.

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

துஷா இருவருக்கும் நடுவே புகுந்தாள். அப்பாவின் சாவியை வாங்கி ராசிக் அங்கிளிடம் கொடுத்தாள். ராசிக் அங்கிளின் சாவியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். "இப்ப ஆரும் தன்ர பூட்டைத் திறக்கத் தேவையில்லை. மற்றவரின்ரயைத்தான் திறக்கிறீங்கள். ஷஸ்னா, எண்ணு."

நெப்போலியன் கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மூன்றுவரை எண்ணினாள்.

ராசிக் அங்கிள் அப்பாவின் பூட்டை உடனே திறந்துவிட்டார். பெரிய பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. அப்பா திருப்பினார், முறுக்கினார், முகம் சிவந்தது. பூட்டு அசையவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார் ராசிக் அங்கிள். "மச்சான், அப்பிடியில்ல. சாவிய உள்ளுக்கு அமத்தி, இடப்பக்கம் திருப்புங்க."

அப்பா அமத்தித் திருப்பினார். பூட்டு விழுந்தது.

தான் என்ன சொன்னோம் என்று ராசிக் அங்கிளுக்கு அப்போதுதான் உறைத்தது. மீசையைத் தடவினார். "நல்ல பெரிய பூட்டாத்தான் வாங்கியிருக்கிறீங்கள், மச்சான்," என்றார் அப்பா.

கதவு திறந்தது. இரண்டு கிழமையாகக் காத்திருந்த காற்று எல்லாருடைய முகத்திலும் அடித்தது. இடது மூலையில் ஒரு முழம் கடல் அப்படியே இருந்தது. போர்வை அடுத்த பக்கம் போனது. மோர்மிளகாய் தகரத்துக்குக் கீழே போனது. ஆண்கள் அதற்கும் ஒரு விதி எழுதலாமா என்று பேசத் தொடங்கினார்கள். லுத்பியா அன்ரி ஆளுக்கொரு றோல்ஸைக் கொடுத்து வாயை அடைத்தார்.

திங்கட்கிழமை துஷா வெயில் மணக்கும் சீருடையின் மேல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையேறினாள். கையில் ஒரு துண்டுக் கயிறும் இரண்டு கிளிப்பும்.

"நான் அபிகேல் அடம்ஸ். நான் எழுதின கடிதத்தைப் பார்த்து என்ர கணவர் சிரிச்சார்," என்று தொடங்கினாள். "நான் எழுதுறதை நிப்பாட்டேல்ல. பெரிய மண்டபத்தில உடுப்பும் காயப்போட்டன்."

சபையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்று கைதட்டினார். அது அப்பா.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு இரண்டாம் மாடியிலிருந்து அம்மா போனார். நான்காம் மாடியிலிருந்து லுத்பியா அன்ரி போனார். பத்தரைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது அப்பாவும் ராசிக் அங்கிளும்.

ஒரு வாய் குடித்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. ஒரே கேத்தலுக்கு இருவரும் தனித்தனியாகச் சீனி போட்டிருந்தார்கள்.